கேட்டுக்கு மட்டும் ஒரு டிரைவர்

பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு நின்ற வண்டி, பத்து நாற்பதுக்கும் அதே இடத்தில்தான் நின்றது.

என் கம்ப்யூட்டர் திரையில் அது ஒரு நீலப் புள்ளி. பி.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, சிதம்பரத்துக்குச் சற்று முன்னால், சாலையை ஒட்டி வாய்க்கால் ஓடுகிற இடத்தில் இருந்தது. மவுஸைப் புள்ளியின் மேல் கொண்டுபோனால் மூன்று விவரம் வரும். வண்டி எண். சரக்கு: ஆசிட், இருபது டன். வேகம்: பூஜ்யம்.

நான் பெலிசியா. கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். என்னுடன் இருப்பவர்கள் உப்பும் கந்தகமும் பாய்லருக்கு நிலக்கரியும் வாங்குகிறார்கள். நான் லாரிகளின் ஓட்டத்தை வாங்குகிறேன். எந்த வழிக்கு யாருடைய வண்டி, என்ன வாடகை என்பதை முடிவு செய்வது என் வேலை. ஒன்பது வருடமாக அதைச் செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

வண்டியை ஓட்டிப் போனவர் ராமாமிர்தம். ஐம்பத்து நான்கு வயது. நெல்லிக்குப்பம் பக்கம். காலையில் டிரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்க என் ஜன்னலுக்கு வந்தபோது, மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "மேடம், இந்த மழைக்கும் ஒரு ஏலம் வுடுங்களேன். பாதியா கொறைஞ்சிடும்" என்றார். நான் சிரித்தேன். லோடிங் தாமதமாகி, எட்டு நாற்பதுக்குத்தான் வண்டி கேட்டைத் தாண்டியது.

அவர் போனுக்கு நான்கு முறை அடித்துவிட்டேன். ரிங் போகிறது. எடுக்கவில்லை. சுவிட்ச் ஆஃப் என்று வந்திருந்தால்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டேன். யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தும் எடுக்காத போன், அடித்து அடித்து ஓய்கிறபோது, காதிலிருந்து அதை எடுக்கவே கை வருவதில்லை.

வண்டியின் சொந்தக்காரர் செந்தமிழ்செல்வனைக் கூப்பிட்டேன். சிதம்பரத்தில் நான்கு டேங்கர் வைத்திருப்பவர்.

"மழை மேடம். சிக்னல் இருக்காது. ஜிபிஎஸ் அப்பிடியே நின்னுடும்."

"மத்த வண்டியெல்லாம் நகருதே."

"அப்ப டயர் பஞ்சரோ என்னமோ. பாத்துக்குவாங்க மேடம். ரெண்டு பேரு இருக்காங்கள்ல."

அந்த 'ரெண்டு பேரு' என்பதை அவர் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். பிறகு, "நான் பைக்க எடுத்துக்கிட்டு போயி பாக்கறேன்" என்று வைத்துவிட்டார். டயர் பஞ்சருக்கு மழையில் யாரும் பைக்கை எடுப்பதில்லை.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாரிக்காரர்களுக்கு ஏலம் விடுவோம். பொருள் விற்கிற ஏலத்தில் தொகை ஏறும். எங்கள் ஏலத்தில் இறங்கும். கடைசியாகக் குறைத்துக் கேட்பவருக்கு அந்த வழி. தூத்துக்குடி வழி ஆகஸ்டில் செந்தமிழ்செல்வனுக்குப் போனது. ஏலம் முடிந்த பிறகும் ஆளை நேரில் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் இறக்குவது எங்கள் பழக்கம்.

அதற்காக என்னிடம் ஒரு தாள் இருந்தது. ஒரு டேங்கர் தூத்துக்குடி போய்வர உண்மையில் என்ன ஆகும் என்று வரி வரியாக நானே போட்டு வைத்தது. டீசலை யாரும் குறைக்க முடியாது. டோல்கேட்டில் பேரம் கிடையாது. டயர் தேயத்தான் தேயும். ஆசிட் ஏற்றிய டேங்கரில் வேறு எதுவும் ஏற்ற முடியாது. ஆகவே திரும்பும்போது காலியாகத்தான் வரும், ரிட்டர்ன் லோடு என்று ஒரு பைசா வராது. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அந்தத் தாளில் வளைகிற வரி ஒன்றே ஒன்றுதான். டிரைவர் சம்பளமும் பேட்டாவும். அதுவும் இரண்டு பேருக்கு. ஏனென்றால் ஆசிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. லோடு ஏற்றிய வண்டியை ஆளில்லாமல் விட்டுவிட்டு யாரும் இறங்கக் கூடாது.

நான் வாய் பேசிப் பேரம் செய்கிறவள் இல்லை. சும்மா இருப்பேன். எதிரில் இருப்பவர் ஒரு தொகை சொல்வார். நான் தாளைப் பார்ப்பேன். மின்விசிறி சத்தம் கேட்கும். அந்த அமைதியை அதிகம் பேரால் தாங்க முடியாது. தாங்களே இன்னொரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். அன்று செந்தமிழ்செல்வன் மூன்று முறை இறங்கிவிட்டுச் சிரித்தார். "இதுக்கு மேலன்னா ஒரு ஆள எறக்கி வுட்டுட்டுத்தான் மேடம் ஓட்டணும்." வேடிக்கைபோலத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அப்படிச் செய்யாதீர்கள் என்றும் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போட்டுக்குங்க" என்றார்.

அக்டோபரில் வேறு ஏதோ சரிபார்க்கப் போய் கேட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். இரண்டாவது டிரைவர் என்ற கட்டத்தில் சிலம்பரசன் என்ற பெயர் காலை ஏழு மணி வண்டியிலும் இருந்தது, பதினொரு மணி வண்டியிலும் இருந்தது. தூத்துக்குடிக்குப் போய் நான்கு மணி நேரத்தில் திரும்புகிறவர் யாரும் இல்லை. செக்யூரிட்டி இரண்டு முகத்தைப் பார்ப்பார், இரண்டு லைசென்ஸைப் போட்டோ எடுப்பார், கதவைத் திறப்பார். அதற்குப் பிறகு ஒரு முகம் எங்கோ இறங்கி, அடுத்த வண்டிக்குத் திரும்பி வருகிறது. எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. ரிஜிஸ்டரை மூடினேன். கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன். அன்று டீ நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

இன்றைய ரிஜிஸ்டரிலும் ராமாமிர்தத்துக்குக் கீழே சிலம்பரசன்தான். செக்யூரிட்டியிடம் அவன் நம்பரை வாங்கி அடித்தேன். உடனே எடுத்தான்.

"எங்க இருக்கீங்க சிலம்பரசன்?"

"வண்டியிலதான் மேடம்."

"வண்டி எங்க?"

"சிதம்பரத்துகிட்ட. போய்க்கிட்டே இருக்கு."

அவனுக்குப் பின்னால் யாரோ, "திருப்பாதிரிப்புலியூர் எறங்கறவங்க முன்னாடி வாங்க" என்று கத்தினார்.

"ராமாமிர்தம் அண்ணன்கிட்ட போனக் குடுங்க."

"அவுரு ஓட்டிக்கிட்டு இருக்காரு மேடம். ஓட்டும்போது போன் பேசக் கூடாதுன்னு நீங்கதான ரூல் போட்டீங்க."

"வண்டி முக்கா மணி நேரமா ஒரே எடத்துல நிக்குது."

பஸ் ஹாரன் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவன் குரல் மாறியது. "மேடம், நான் ஆலப்பாக்கத்துலயே எறங்கிட்டேன். என்னாச்சு மேடம்? மாமாவுக்குத் தெரியுமா? என்னா மேடம் ஆச்சு?"

அவன் செந்தமிழ்செல்வனின் அக்கா மகன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பர்ச்சேஸ் ஹெட் கார்த்திகேசன் மீட்டிங்கில் இருந்தார். ஒரு வண்டி நின்றுவிட்டது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று மெசேஜ் போட்டேன். கம்பெனி கார் யாரையோ அழைத்துவரப் போயிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்து, வந்த சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன்.

ஷட்டர் எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத் துணி வாசனை. பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் பூக்கூடையை வைத்துக்கொண்டு தூங்கினாள். கைப்பையில் இருந்த ஜெபமாலையை எடுத்தேன். முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நடுவில் வேறு ஒன்று வந்து நின்றது. வண்டி கவிழ்ந்து கிடக்கிறது. வாய்க்காலில் ஆசிட் கலக்கிறது, கீழே எங்கோ யாரோ மாட்டைக் குளிப்பாட்டுகிறார்கள். அல்லது வண்டி நன்றாக நிற்கிறது, ஸ்டீரிங்கில் தலை வைத்து அவர் கிடக்கிறார், லாரிகள் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போகின்றன. இரண்டில் எதை வேண்டாம் என்று கேட்பது என்று தெரியாமல் மணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆலப்பாக்கம் வந்தது. ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். ஒரு டீக்கடை. அதன் எதிரில் லாரி ஓரம் கட்டுகிற அளவுக்கு இடம். இங்கேதான் இறங்கியிருப்பான். டீ குடித்திருப்பான். அவன் இறங்கியபோது ராமாமிர்தம் என்ன சொல்லியிருப்பார்? ஏதாவது கேலி பேசியிருப்பார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிளம்பியிருப்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி. இது எனக்குத் தெரியும். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வருவார், கேட்டைத் தாண்டியதும் முதல் வேலையாக எங்காவது இட்லி சாப்பிடுவார். முன்பெல்லாம்.

இப்போது எப்படிச் சாப்பிடுவார்? இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வண்டியில் இருக்க, இன்னொருவர் இறங்கலாம். தனி ஆள் இறங்கினால் ஆசிட் வண்டி அநாதையாக நிற்கும். போலீஸ் பார்த்தால் கேஸ். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் எனக்குச் சிவப்பு எழுத்தில் மெயில் வரும், வாடகையில் பிடிப்போம். அந்தப் பதினைந்து நிமிடத்தையும் நான்தான் போட்டேன்.

புதுச்சத்திரம் தாண்டும்போது செந்தமிழ்செல்வன் கூப்பிட்டார். மூச்சு வாங்கினார்.

"மேடம், வண்டி இருக்கு. ஆளு இல்ல."

"ஆசிட்?" என்றேன்.

"ஒரு சொட்டு கசியல. ஓரமா, ஒழுங்கா நிறுத்தியிருக்காரு. இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. கதவு தொறந்து கெடக்கு. போனு சீட்டுல இருக்கு."

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் முதலில் கேட்டது ஆசிட்டை என்பது எனக்குள் மெதுவாக இறங்கியது. பக்கத்து அம்மாள் கண் விழித்து என்னைப் பார்த்தாள். "என்னாம்மா, யாருக்கு என்னா?" என்றாள்.

வண்டி நின்ற இடத்தில் கண்டக்டர் இறக்கிவிட்டார். மழை தூறலாகியிருந்தது. டேங்கர் ரோட்டோரம் நேராக நின்றது. பின்னால் ஆபத்து முக்கோணம்கூட இருந்தது. நெடுஞ்சாலை ரோந்து ஜீப் ஒன்று வந்திருந்தது. ஒரு போலீஸ்காரர் மழைக்கோட்டோடு வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேபின் படியில் ராமாமிர்தத்தின் செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தன. சீட்டில் மாத்திரை அட்டை, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். சாப்பாடு என்று எதுவும் இல்லை.

செந்தமிழ்செல்வன் வாய்க்கால் கரையில் நின்றார். பேண்ட் முழங்கால் வரை சேறு. வாய்க்கால் இரண்டு கரையும் முட்டிப் போனது. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"அரை மணி நேரமா தேடறேன் மேடம். அந்தப் பாலம் வரைக்கும் போயி பாத்துட்டேன்."

"தண்ணியில ஏன் தேடறீங்க?"

நானும் தண்ணீரைத்தான் பார்த்தேன். ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாகப் போனது. ஒவ்வொரு கூட்டமும் வரும்போது அதன் அடியில் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. தாண்டிப் போன பிறகு இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது.

எதிர்ப்பக்கம் வயல் வரப்பில் மூன்று நான்கு பெண்கள் தலையில் பிளாஸ்டிக் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். களை எடுத்துவிட்டு மழைக்கு ஒதுங்கப் போகிறவர்கள். நான் ரோட்டைக் கடந்து ஓடினேன். முன்னால் வந்தவளிடம், லாரி டிரைவர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்டேன்.

"லாரிக்காரனா?" அவள் பின்னால் திரும்பிச் சொன்னாள். "ஏ மங்கலம், அந்தக் குடிகாரனக் கேக்குறாங்கடி."

மங்கலம் என்பவள் முன்னால் வந்தாள். "காலங்காத்தால ஊத்திக்கிட்டு, வரப்புல நடக்கத் தெரியாம நாலு தடவ வுழுந்தான். 'அக்கா, சக்கர இருக்கா, சக்கர இருக்கா'ன்னு கேட்டான். ரேஷன் கடைக்குப் போடான்னுட்டு வந்துட்டோம்." மற்றவர்கள் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் மங்கலத்தின் சிரிப்பு நின்றது. "ஏம்மா... அவன் குடிக்கலியா?"

"எங்க இருக்காரு?"

"மோட்டார் கொட்டாய் பக்கம் போனான்."

அவளே முன்னால் ஓடினாள். சாக்கு பறந்து சேற்றில் விழுந்தது. மோட்டார் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி அவர் கிடந்தார். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, குளிருக்குச் சுருண்டு படுத்த மாதிரி. சட்டை மழையிலும் வியர்வையிலும் ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை. நான் கையைப் பிடித்தேன். அவ்வளவு சில்லென்று ஒரு மனிதக் கையை நான் தொட்டதில்லை. நாடி இருக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை.

"இருக்காரு, இருக்காரு" என்றார் செந்தமிழ்செல்வன், மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு. "லோ சுகரு. எங்க அம்மாவுக்கு இப்பிடித்தான் வரும். வாயில எதுவும் ஊத்தாதீங்க, பொரை ஏறிடும். தூக்குங்க."

மங்கலம் கால்பக்கம் பிடித்தாள். "தெரியாம சொல்லிட்டேன், தெரியாம சொல்லிட்டேன்" என்று அழுதுகொண்டே தூக்கினாள். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். காய்கறி ஏற்றிப் போன ஒரு குட்டியானை வேனை ரோந்து போலீஸ்காரர் நிறுத்தினார். கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் அவரைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கிளம்பும்முன் செந்தமிழ்செல்வன் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் பின்னால் வந்தார். போலீஸ்காரர் வண்டிக்குக் காவலாக நின்றார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. கால்மணி நேரம்தான் இருக்கும். அந்தக் கால்மணி நேரத்தில் அவர் இரண்டு முறை மூச்சு விடவில்லை என்று நினைத்தேன். இரண்டு முறையும் விட்டார்.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் இளம் பெண். "இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தா சொல்ல முடியாது. கூட ஒருத்தர் இருந்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. கூட யாருமில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் ராமாமிர்தம் கண்ணைத் திறந்தார். மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது பயம். எழுந்திருக்கப் பார்த்தார்.

"மேடம், பத்து நிமிசம்தான் நிறுத்துனேன். பதினஞ்சு ஆவறதுக்குள்ள எடுத்துடலாம்னுதான்..."

"படுங்க அண்ணே."

"வண்டி?"

"நல்லாத்தான் இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். செத்துப் பிழைத்து வந்தவர், என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் ஏட்டு வந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர். ஆசிட் வண்டி நடுவழியில் ஆளில்லாமல் நின்றதால் எழுதியே ஆக வேண்டும் என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வண்டியில எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு சார்" என்றார் ராமாமிர்தம். குரல் எழும்பவில்லை, ஆனால் தடுமாறவும் இல்லை. "எனக்கு மயக்கமா வந்ததும் சிலம்பரசன் சக்கர வாங்க ஓடிட்டான். நான்தான் பொறுக்காம எறங்கிட்டேன்."

"ஆமா சார்" என்றார் செந்தமிழ்செல்வன். "தோ, பையன் வந்துட்டான்."

சிலம்பரசன் வாசலில் நின்றான். இருபத்தெட்டு வயதிருக்கும். நாங்கள் மூன்று பேரும் தலையிலிருந்து கால் வரை சேறாக இருந்தோம். அவன் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. கண் மட்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. ஏட்டை அவன் பார்க்கவில்லை. நேராகத் தன் மாமாவிடம் வந்து தணிந்த குரலில், "சாவியக் குடு மாமா. நான் எடுத்துக்கிட்டுப் போறேன். விடியறதுக்குள்ள தூத்துக்குடி போயிடலாம்" என்றான்.

"தூங்கினியாடா நீ?"

"வழியில பாத்துக்கறேன்."

"காரைக்கால் வண்டிக்குப் போயிட்டு விடியக்காலம் மூணு மணிக்குத்தான வந்த?"

"வேற யாரு மாமா இருக்கா? நீ போறியா?"

செந்தமிழ்செல்வன் சட்டைப்பையில் கை வைத்தார். கை அங்கேயே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றார் என்று தோன்றியது.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான கம்பெனி? உங்க ரெக்கார்டுல எப்பிடி? ரெண்டு பேருதான?"

"ரெக்கார்டுல ரெண்டு பேர்" என்றேன்.

அவர் எழுதத் தொடங்கினார். நான் சொன்னது பொய் இல்லை. ரிஜிஸ்டரில் இரண்டு பெயர் இருக்கிறது. இரண்டு போட்டோ இருக்கிறது. அதோடு நிறுத்தினால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். பேனா தாளில் உரசுகிற சத்தம் கேட்டது. சிலம்பரசன் தன் மாமாவின் பையிலிருந்து சாவியைத் தானே எடுத்துக்கொண்டான். அதில் ஒரு சின்ன நடராஜர் தொங்கியது. அவன் கொட்டாவி விட்டான். வாயைப் பொத்திக்கொண்டான். கொள்ளிடம் பாலம், சீர்காழி, வேதாரண்யம் பிரியும் ரோடு, அதற்கப்புறம் ஆளில்லாத கடற்கரை ரோடு; அந்த வழியில் ஒவ்வொரு டோல்கேட்டும் எனக்கு மனப்பாடம். இருபது டன் ஆசிட்டோடு அவன் அதில் எந்த இடத்தில் கண்ணை மூடுவான் என்று என் மனம் தானாகத் தேடத் தொடங்கியது.

"எழுதாதீங்க சார்" என்றேன்.

ஏட்டு நிமிர்ந்தார்.

"வண்டியில ஒருத்தர்தான் இருந்தாரு. சிலம்பரசன் கேட்டுல முகத்தக் காட்டிட்டு ஆலப்பாக்கத்துல எறங்கிடுவாரு. எப்பவும் அப்பிடித்தான்." ஏட்டின் தாள்மேல் கையை வைத்தேன். "இவுங்க மேல மட்டும் எழுதிடாதீங்க. எனக்கு அக்டோபர்லேருந்து தெரியும். ரெண்டு பேருக்குக் குடுக்கற வாடகைய நான் குடுக்கல. அதையும் எழுதிக்குங்க. வண்டிய இப்ப யாரும் எடுக்கக் கூடாது."

அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை இருமியது. சிலம்பரசன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல், அதைக் கடைசியில் கட்டில் விளிம்பில் வைத்தான். செந்தமிழ்செல்வன் சுவரில் சாய்ந்தார். "நாலு வண்டி மேடம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, எண்ணிக்கை தெரியாத ஒருவருக்குச் சொல்வது போலச் சொன்னார். பிறகு வெளியே போய்விட்டார். சிலம்பரசனும் பின்னால் போனான்.

ஏட்டு தாளைக் கிழித்துவிட்டு, புதிய தாளில் என் பெயரை, அப்பா பெயரை, முகவரியைக் கேட்டு எழுதினார். மஞ்சக்குப்பத்தில் வீட்டு எண்ணைத் தப்பாகச் சொல்லி, திருத்திச் சொன்னேன்.

போன் அடித்தது. கார்த்திகேசன்.

"என்னம்மா, வண்டி கெளம்பிடுச்சா? தூத்துக்குடிலேருந்து மூணு தடவ கூப்பிட்டுட்டான். ஆசிட் இல்லாம பிளான்ட்ட நிறுத்தணுமாம்."

"இல்ல சார். ரெண்டு டிரைவர் வர்ற வரைக்கும் கெளம்பாது."

"யாரு சொன்னா?"

"நான்தான் சார். போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

"நேரா ஆபீசுக்கு வா" என்று வைத்துவிட்டார். ஏட்டு எழுந்து ஸ்டூலைக் காலி செய்து கொடுத்தார். உட்கார்ந்தேன்.

ராமாமிர்தம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"அம்பத்தி நாலு வயசு" என்றார் சுவரைப் பார்த்து. "சுகரு. வண்டியில மயங்கி வுழுந்தவன்னு போலீஸ்ல பேரு. இனிமே எவன் மேடம் எனக்கு ஸ்டீரிங் குடுப்பான்?"

"அண்ணே, நீங்க செத்துப் போயிருப்பீங்க."

"போயிருப்பேன்."

குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இன்னும் கால் பாட்டில் இருந்தது.

"உங்களுக்கு வேற வேல கெடைக்கும் மேடம்" என்றார். கேலியும் இல்லை, கசப்பும் இல்லை.

பாட்டில் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டும். அதுவரை எழுந்து போவதற்குப் பயமாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தபடியே இருந்தார். நான் பாட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.